‘வெறும் சோளக்காடு’ என்று சொல்லும் நண்பர்களுக்கு

அமெரிக்காவின் அயோவாவிலும் சுற்றுப்பட்ட மாநிலங்களிலும் குடியேறியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நம்மவர் வீட்டு விருந்து ஒன்றில், ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பியிடம் யாரோ சொன்னார்கள்: “இங்கே என்ன இருக்கு? வெறும் சோளக்காடுதான்.” எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீடு திரும்பியதும் உறுத்தியது. என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அப்படியொரு சோளக்காடுதான். அதற்கு ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு குடும்பமும் இருக்கிறது.

அவருக்கு வயது 67. இந்த வட்டாரத்தில் அது அதிசயமில்லை. 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயியின் சராசரி வயதே 58.1. அவர் விளைவிப்பது நாம் அவித்துத் தின்கிற சோளமும் இல்லை. பன்றித் தீவனத்துக்கும், பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்கும் போகிற மக்காச்சோளம். விலையைச் சிகாகோ சந்தை சொல்லும், இவர் கேட்டுக்கொள்வார்.

23 வயதில், 1981இல், கடன் வாங்கி 80 ஏக்கர் வாங்கினார். அயோவாவில் அந்த வருடம் நிலம் ஏக்கருக்குச் சராசரி 2,147 டாலர். 1986இல் அதே நிலம் 787 டாலர். கடன் மட்டும் அப்படியே நின்றது. பக்கத்துப் பண்ணை ஏலத்துக்கு வந்த நாளில் இவரும் போயிருக்கிறார். நண்பனின் டிராக்டருக்கு விலை கேட்கக் கை எழவில்லையாம். ஒரு வாளி ஸ்பானர் மட்டும் எடுத்து வந்தார். அந்த வாளி இன்றும் அவர் கொட்டகையில் தனியாக இருக்கிறது. தன் சாமான்களோடு அதைக் கலக்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்டபோது பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

அவரைக் காப்பாற்றியது சோளம் என்று நான் நினைக்கவில்லை. அவர் மனைவி பக்கத்து ஊர் மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸ். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு அந்த வேலையால்தான் கிடைத்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்கிறோமே, அந்த வீட்டில் கணக்குப் பார்ப்பதும் அந்த அம்மாதான். இரவுப் பணி முடிந்து வந்து சமையலறை மேசையில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருப்பார்.

மகன் மினியாபொலிஸ் நகரில். மகள் டெமாயின் நகரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில். அறுவடை வந்தால் மகள் லீவு போட்டுவிட்டு வந்து தானிய வண்டி ஓட்டுவாள். நிலம் அவளுக்கு வேண்டும். ஆனால் இன்றைய விலையில் தம்பியின் பங்கை அவளால் வாங்க முடியாது. நம் ஊர்ப் பாகப்பிரிவினைதான், சத்தம் மட்டும் கிடையாது.

2020 ஆகஸ்ட் 10 புயல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தானியக் குதிர்களெல்லாம் தகரடப்பா மாதிரி நசுங்கிக் கிடந்தன. அன்று மாலை மரமறுக்கும் ரம்பத்தோடு அவர் என் வாசலில் நின்றார், வழியை மறித்து விழுந்திருந்த மேப்பிளை வெட்ட. “உங்கள் சோளம்?” என்றேன். “அது படுத்துவிட்டது. நாளைக்கும் அங்கேதான் கிடக்கும்” என்றார்.

சரி, நான் கேட்க வந்தது சின்ன விஷயம். அக்டோபரில் அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகும். போன வருடம் அவருக்குப் பின்னால் விடாமல் ஹாரன் அடித்த காரில் இருந்தது நம் ஆள்தான். முகம் தெரிந்த ஆள் என்பதால் எனக்கு இரட்டிப்பு வெட்கம். அடிக்காதீர்கள். இடம் கிடைத்ததும் அவரே ஒதுங்குவார். நீங்கள் தாண்டும்போது ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். இங்கே அதுதான் வணக்கம். நீங்களும் திருப்பி ஒரு விரல் தூக்குங்கள். ஆள்காட்டி விரல்தான், அதில் மட்டும் கவனம்.

அன்புடன்,
வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன்