பெண்கள் கழிப்பறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் கல்லூரியின் பெண்கள் பகுதிக் கழிப்பறைகளில் வேலை முடிந்துவிட்டது. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து மாணவிகள் பயன்படுத்தி வருகிறார்கள். திறப்பு விழா வைக்கவில்லை. பந்தலுக்கும் பொன்னாடைக்கும் போகும் பணத்தில் மூடி போட்ட குப்பைத் தொட்டிகள் வாங்கினோம்.

சென்ற பொதுக்குழுவில், "ஒரு கக்கூஸுக்கு இவ்வளவு செலவா? டைல்ஸ்கூட பழசாத்தானே இருக்கு?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். பலர் கைதட்டினார்கள். டைல்ஸ் பழையதுதான், அதைத் தொடவே இல்லை. பணத்தில் பெரும்பகுதி தரைக்குக் கீழே போயிருக்கிறது. கீழே போனது யார் கண்ணிலும் படாது என்பதால்தான் இந்த அறிக்கை இவ்வளவு நீளம்.

வெள்ளையடிப்பு, தாழ்ப்பாள், ஜன்னல் வலை, விளக்கு, குழாய் எல்லாம் சொன்ன விலைக்குள் முடிந்தன.

கழிப்பறைக் கழிவைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, சுவரில் நாலு வாசகம் எழுதினால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. 'நாப்கினைக் கோப்பையில் போடாதீர்' என்ற பலகை பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குப்பைத் தொட்டி இருந்தது வெளியே, எல்லோரும் நடந்து போகும் வராந்தாவில். கையில் பொட்டலத்துடன் எந்தப் பெண் அங்கே வருவாள்? கோப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். நாப்கினுக்குள் இருக்கும் ஜெல் தண்ணீரைக் குடித்து ஊதி, பைப் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தள்ளுவதற்காக மறுபடி மறுபடி ஃப்ளஷ் அடிப்பார்கள், அதில் தண்ணீரும் வீண். தப்பு மாணவிகள் மேல் இல்லை என்பதில் குழுவுக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. இப்போது ஒவ்வொரு அறைக்குள்ளும் காலால் அழுத்தித் திறக்கும் தொட்டி, பை மாட்டக் கொக்கி, பழைய செய்தித்தாள் துண்டுகள், ஒரு சிவப்புப் பேனா இருக்கின்றன. சுற்றி, ஒரு சிவப்புப் புள்ளி வைத்துப் போட வேண்டும். பெங்களூருவில் வீடுகளில் பழக்கப்படுத்திய முறைதான். குப்பை பிரிக்கும் பெண்கள் பிரித்துப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இந்தக் கழிவைச் சுற்றித்தான் கொடுக்கச் சொன்னன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. அது கடைக்கு வரும்வரை செய்தித்தாள்.

அடுத்து, எரிப்பான் விவகாரம். 1991 வணிகவியல் பிரிவினர் நாப்கினை எரிக்கும் மின்சார எரிப்பான்கள் வாங்கித் தர முன்வந்தார்கள். நாங்கள் வேண்டாம் என்றதில் அவர்களுக்கு வருத்தம், இன்னும் சிலர் பேசுவதில்லை. காரணம் இதுதான்: மருத்துவக் கழிவை எரிக்கும் ஆலைக்கு 2016 மருத்துவக் கழிவு விதிகள் கேட்பது முதல் அறையில் 800 டிகிரி வாக்கில், இரண்டாவது அறையில் 1050 டிகிரி வாக்கில் வெப்பம், அதோடு 30 மீட்டர் புகைபோக்கி. சுவரில் மாட்டும் பெட்டிக்கு இதெல்லாம் ஏது? பிளாஸ்டிக் கலந்த பொருளைக் குறைந்த சூட்டில் கருக்கினால் டயாக்சின் போன்ற நச்சுகள் வரும். அந்தப் புகை போவது பக்கத்து வகுப்பு ஜன்னலுக்குள். கழிவு குறைந்தது என்று சொல்லிக்கொண்டு அதைக் காற்றில் விடுவதற்கு எங்களால் கையெழுத்துப் போட முடியவில்லை. அதே பிரிவினர் பிறகு அந்தப் பணத்தை ஃப்ளஷ் டேங்குகளுக்குத் திருப்பிவிட்டார்கள். பெரிய மனது, நன்றி.

நாப்கினுக்குப் பதிலாக, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப் வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் குப்பையே இருக்காதே என்று சிங்கப்பூர் கிளை எழுதியது. கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019-இல் அப்படித்தான் ஆயிரக்கணக்கில் கொடுத்தது. அங்கேயே கும்பளங்கி கிராமம் 2022-இல் நாப்கின் இல்லாத ஊராக அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் எதைப் பயன்படுத்துவது என்பதைப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் சங்கம் தீர்மானம் போட்டுச் சொல்ல முடியாது. கப்பை அலச அறைக்குள்ளேயே தண்ணீர் வேண்டும் என்பதால் எல்லா அறையிலும் ஹெல்த் ஃபாசெட் (கையில் பிடித்து அடிக்கும் குழாய்) வைத்தோம். மீதி அவரவர் விருப்பம்.

இனி, எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் ஒப்பந்தக்காரர் கதை.

மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததை எடுத்தோம். எடுக்காமல் இருந்திருந்தால் அதற்கும் ஒரு பொதுக்குழு கூடியிருக்கும். தரைக்குக் கீழே பழைய கழிவு பைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக 110 மில்லிமீட்டர் (நாலு அங்குல) பி.வி.சி. பைப் போட வேண்டும், இதுதான் ஒப்பந்தம். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் அக்கா ஒருவர், மூடுவதற்கு முன் தனக்குக் காட்ட வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்துக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். அக்கா விடவில்லை. ஒரு மூலையை உடைக்கச் சொன்னார். பைப் மேல் 'ஏ' ரகம் என்று அச்சு இருந்தது. ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரப்படி 'ஏ' ரகம் மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும். மலக்கழிவுக்கு 'பி' ரகம், சுவர் தடிமன் அதிகம். "ரெண்டும் ஒரே கம்பெனி பைப்தாம்மா" என்றார் ஒப்பந்தக்காரர்.

அதோடு போயிருந்தால் விலையைக் குறைத்துக்கொண்டு சமாதானமாகியிருக்கலாம். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துப் பார்த்தால் சரிவே இல்லை. நாலு அங்குல பைப்புக்கு நாற்பதில் ஒன்று சரிவு என்பது எந்த மேஸ்திரியும் சொல்லும் கணக்கு; இருபது அடிக்கு ஆறு அங்குலம் இறங்க வேண்டும். இங்கே ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. இதை ஏன் பெரிதுபடுத்தினோம் என்றால், நாங்கள் வைத்தது இரட்டை ஃப்ளஷ் டேங்க். பழையது ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் கொட்டும். புதியது தேவைக்கு ஏற்ப 3 அல்லது 6 லிட்டர். ஐந்து முறையில் நாலு சிறியது, ஒன்று பெரியது என்று வைத்தால் 50 லிட்டர் 18 ஆகிறது. ஆனால் குறைந்த தண்ணீர் கழிவை இழுத்துப் போக சரிவு சரியாக இருக்க வேண்டும். சரிவு இல்லாத பைப்பில் தண்ணீரை மிச்சப்படுத்தினால் ஒரே மாதத்தில் அடைப்பு வரும். அப்புறம் குழு வாங்கிய டேங்க்தான் மோசம் என்பார்கள்.

முதல்வர் அறையில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே இன்னொன்று நடந்தது. பழைய சேம்பர் (கழிவு பைப்புகள் வந்து சேரும் தரைத் தொட்டி) அடைத்துக்கொண்டதால், ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்து வந்து உள்ளே இறங்கச் சொல்லியிருக்கிறார். கையுறைகூட இல்லை. வாட்ச்மேன் போன் செய்ததால் தெரிந்தது, போய்த் தடுத்தோம். "ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றார் ஒப்பந்தக்காரர். செப்டிக் டேங்க், சாக்கடையில் அப்படி ஆளை இறக்கக் கூடாது என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இறந்துபோனால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். நம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில், நம் பணத்தில், ஒரு மனிதரை அதற்குள் இறக்குவதா? அன்றைக்கே ஒப்பந்தத்தை முடித்துவிட்டோம்.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பதிவான வேலைக்கு மட்டும் பணம் கொடுத்தோம், பிடித்தம் செய்த தொகையைத் திருப்பவில்லை. ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. "கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிய நண்பர்களுக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

புதிய ஆள் வந்து கான்கிரீட்டை மறுபடி உடைத்து, 'பி' ரகம் போட்டு, சரிவு பார்த்து மூடினார். சேம்பரை இயந்திரம் வாடகைக்கு எடுத்துச் சுத்தம் செய்தோம். மதிப்பீட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியது இதனால்தான், வேறு எதனாலும் இல்லை. தணிக்கை செய்த கணக்கு நூலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

நன்கொடையாளர் பெயர்களை எழுத ஆசைதான். ஆனால் கழிப்பறைச் சுவரில் பெயர் வேண்டாம் என்று பெரும்பாலோர் தனியாகக் கேட்டுக்கொண்டார்கள். கலையரங்கமாக இருந்திருந்தால் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்! ஆகவே பிரிவாரியாக: 1974 கணிதம், 1979 தமிழ், 1983 தாவரவியல், 1986 இயற்பியல், மேலே சொன்ன 1991 வணிகவியல், 1998 வேதியியல், 2004 கணினி அறிவியல், சிங்கப்பூர் கிளை, துபாய் நண்பர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கேன்டீன் நடத்துபவர், சைக்கிள் ஸ்டாண்ட் அண்ணன், மூன்றாம் ஆண்டு மாணவிகள் உண்டியலில் சேர்த்த சில்லறை. அந்தச் சில்லறையை எண்ணி முடிக்கத்தான் அதிக நேரம் ஆனது. சரி, எல்லோருக்கும் நன்றி.

தொட்டிகளைத் தினமும் மாலையில் காலி செய்யக் கையுறை, காலணி, கூடுதல் கூலியோடு துப்புரவுப் பணியாளர் இரண்டு அக்காக்களுடன் பேசி வைத்திருக்கிறோம். ஓராண்டுக் கூலி கைவசம் இருக்கிறது, அதற்குப் பிறகு கல்லூரி நிர்வாகம் ஏற்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆண்கள் பகுதி வேலை பாக்கி. அதை அடுத்த குழு பார்த்துக்கொள்ளும். இந்தக் குழு இந்த அறிக்கையோடு கலைகிறது. சேம்பர் மூடியைத் திறந்து பைப்பின் அச்சைப் பார்க்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வரலாம். சாவி வாட்ச்மேனிடம்.