வரிக்கு வரி ஒரு 'ஹேட்' (had)

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, வாத்தியார்தான் சொன்னார். நீ ஏன் சொல்லவில்லை என்ற சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

உன் மகள் எழுதிய வேலை விண்ணப்பத்தை ராத்திரியே படித்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறாள். ஆனால் வரிக்கு வரி 'ஹேட்'! 'ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021', 'ஐ ஹேட் அட்டெண்டட் எ ட்ரெய்னிங்'. அப்பன் சொத்து பிள்ளைக்கு அப்படியே வந்திருக்கிறது.

நம் பேச்சிலிருந்துதான் இது வருகிறது என்று நினைக்கிறேன். 'நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்' என்போம். போய் வந்தாயிற்று, அவ்வளவுதான். அந்த 'இருந்தேன்' ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆகிவிடுகிறது. அங்கேயோ 'ஹேட்' என்று கேட்டதுமே, எதற்கு முன்னால் என்று காது தேடும். 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போவதற்குள் ரயில் போய்விட்டது. வெறும் 'லெஃப்ட்' போட்டால், நான் போய்ச் சேரவும் ரயில் கிளம்பவும் சரியாக இருந்தது என்றாகிவிடும். இரண்டு சம்பவங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் 'ஹேட்'. 2021 என்று வருஷத்தையே சொன்ன பிறகு 'ஐ கம்ப்ளீட்டட்' போதும்.

'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022' என்பதையும் 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று மாற்றச் சொல். அதற்காக எல்லா இடத்திலும் 'ஹேவ்' போட்டுவிடப் போகிறாள். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்' மாதிரி முடிந்துபோன காலம் பக்கத்தில் இருந்தால் அது ஒட்டாது.

எனக்குக் கோபமெல்லாம் ஆங்கில 'டென்ஸ்' (வினைச்சொல்லின் காலம்) சொல்லித்தரும் அந்தப் பன்னிரண்டு கட்ட அட்டவணை மேல்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். எந்தக் கட்டம் எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடைசியில் தப்பு தன்னுடையது என்று அந்தப் பிள்ளைகளே நினைத்துக்கொள்கிறார்கள். 'எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா' என்று உன்னிடம் சொன்னாளாமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வராதவளா இவ்வளவு தெளிவாக எழுதுவாள்? இதை அவளிடம் நீயே உட்கார்ந்து சொல்லு, விளையாட்டுப் பேச்சு வேண்டாம்.

திருத்திய பிரதியை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல். நடுவில் நீ கை வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்