பிரெசிலாக் ஆண்டகை நினைவுப் பதாகைகள்: உதவிய அனைவருக்கும் நன்றி

இயேசுவில் அன்பார்ந்தவர்களே,

கோவையின் முதல் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆண்டகையின் வாழ்வைச் சொல்லும் பதாகைகள் அச்சுக்குப் போய்விட்டன. ஒரு தேதிகூடப் பிசகக் கூடாது என்று கண் எரிய உழைத்த உங்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, ஆண்டுகளைச் சரிபார்த்தவர்களுக்கு. அவரைப் பற்றி எழுதும்போது நான்கு ஆண்டுகள் எப்போதும் குழம்பிப்போகும். கோவை புதுச்சேரியிலிருந்து பிரிந்தது 1845. கருமத்தம்பட்டியில் அவர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றது 1846 அக்டோபர் 4. கோவை முழு விகாரியத்து (மறைமாவட்டம் ஆகும் முன் ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் மறைபணிப் பகுதி) ஆனது 1850. மறைமாவட்டம் என்ற நிலை வந்தது 1886இல், அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்து. அவருடைய பட்டம் 'புரூசா ஆயர்'. இன்னும் மறைமாவட்டம் ஆகாத பகுதிக்கு வரும் ஆயருக்கு, மறைந்துபோன பழைய மறைமாவட்டம் ஒன்றின் பெயரைத் தருவது திருச்சபை வழக்கம். புரூசா என்பது இன்றைய துருக்கியின் பூர்சா நகரம். முதல் படியில் அது 'பிரஷ்யா' என்று இருந்தது. 1813இல் பிரான்சின் கஸ்தெல்நோதாரியில் பிறந்தவரை ஜெர்மானியராக்கும் அந்தப் பிழையைப் பிடித்த தங்கைக்குத் தனி நன்றி.

பங்குகளின் பழைய பதிவேடுகளைப் படம் எடுத்துத் தந்த தம்பிகளே, உங்கள் பொறுமைக்கு ஈடில்லை. அந்தக் காலத்து இரும்பு மையில் அமிலம் உண்டு. எழுத்து இருக்கும் இடத்திலேயே தாள் அரித்து உதிரும். அதனால் ஏட்டை முழுக்க விரிக்காமல், இரு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தீர்கள். கிழிந்த இடங்களில் யாரோ எப்போதோ ஒட்டிய செல்லோடேப்பைப் பிய்க்காமல் விட்டதும் நல்லதாயிற்று. இழுத்தால் மையும் சேர்ந்தே வந்துவிடும். லேமினேஷன் வேண்டாம் என்று தடுத்த ஐயாவுக்கும் நன்றி. அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. அலமாரி மூலையில் வசம்பை இடித்துத் துணியில் முடிந்து வைத்த அம்மா, முடிச்சு தாளில் படாமல் பார்த்துக்கொண்டார்கள்; பட்டால் எண்ணெய்க் கறை விழும்.

வாசித்தவர்களின் வேலை இன்னும் கடினம். லத்தீன் ஏட்டில் யோவான்னெஸ் என்று இருப்பவர், ஊரில் அருளப்பன். பேத்ருஸ் ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாமல் எண்ணினால் கணக்கு இரட்டிக்கும். அந்தக் காலத்துத் தமிழ்க் கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்துத்தான் பல இடங்களில் விளங்கியது.

பிரெஞ்சுப் பகுதிகளைத் தமிழாக்கிய சகோதரிகளுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். ஆண்டகையின் உயிர்மூச்சு, இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகவும் ஆயர்களாகவும் ஆக வேண்டும் என்பதுதான். புதுச்சேரி குருமடத்தை நடத்தியபோதும் கோவையிலும் அதற்காகவே பாடுபட்டார். உள்ளூர் வழக்கங்களைக் கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கலாமா என்ற 'மலபார் சடங்குகள்' சர்ச்சையில் மனச்சான்று இடம் கொடுக்காமல் 1855இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதைத் 'தோல்வி' என்று எழுத வேண்டாம் என்று நீங்கள் வாதாடியது முழுக்கச் சரி. மறு ஆண்டு டிசம்பர் 8 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கியவரும் அவர்தானே.

1859 மே 14 அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். 42 நாள் கழித்து, ஜூன் 25 அன்று, இறந்தார். உடனிருந்த மூன்று குருக்களும் ஒரு சபைச் சகோதரரும் அந்த ஜூன் மாதத்திலேயே போய்விட்டார்கள். இன்னொரு சபைச் சகோதரர் மட்டும் உயிரோடு ஊர் திரும்பினார். 'மஞ்சள் காமாலை' என்று நாங்கள் எழுதியிருந்ததை 'மஞ்சள் காய்ச்சல்' என்று திருத்திய டாக்டர் அம்மாவுக்கு நன்றி. ஒன்று கல்லீரல் கோளாற்றின் அறிகுறி, மற்றது கொசு பரப்பும் வைரஸ் நோய். கொசுதான் காரணம் என்பது 1900இல்தான் உறுதியானது. அன்று அவர்களுக்குத் தப்பும் வழி தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. லியோனில் இருந்த அவருடைய துணைவர் பிளாங்க் அடிகளார் சபையைக் கைவிடாமல் காத்தார்.

2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஆண்டகையை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிகளில் ஒன்றுதான். ஆகவே கடைசிப் பதாகையில் 'புனித' என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

படங்களின் ஒரு பிரதி பங்கு அலுவலகத்திலும் இன்னொன்று வேறு கட்டிடத்திலும் இருக்கின்றன. மூல ஏடுகள் அவையவை வந்த பங்குகளுக்கே திரும்பிவிட்டன.

நன்றியுடன்,
பதாகைகளைத் தொகுத்தவர்கள்