வெளிநாட்டில் வசிப்போருக்கான பராமரிப்புத் திட்டத்தில் செய்யாத வேலையைச் செய்ததாகப் பதிவு செய்தது குறித்த புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.
(பணியிடம்: மஸ்கட், ஓமன்)

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

நாள்: 5.1.2026

பொருள்: இரண்டாண்டுப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் மாற்றப்படாத பிரேக் ஆயிலை மாற்றியதாக எழுதியதும், அதனால் ஏற்காடு மலைப்பாதையில் பிரேக் செயலிழந்ததும் – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளை 2021 ஜனவரியில் சேலத்தில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கினேன். மூன்று ஆண்டுகளில் 18,389 கிலோமீட்டர் ஓட்டினேன். 2024 பிப்ரவரியில் வேலைக்காக மஸ்கட் புறப்பட்டபோது வண்டியை விற்றுவிடும்படி பலரும் சொன்னார்கள். என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி என்பதால் எனக்கு மனம் வரவில்லை. அஸ்தம்பட்டியில் பெற்றோர் வசிக்கும் வீட்டின் முன் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சென்றேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு கடைசி சர்வீஸுக்காக வண்டியை விட்டபோது, உங்கள் விற்பனையாளரின் சர்வீஸ் சென்டரில் வெளிநாட்டில் வசிப்போருக்கென்றே ஒரு பராமரிப்புத் திட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 14,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வீட்டுக்கு வந்து வண்டியை ஓட்டிச் சென்று, வேண்டிய வேலைகளைச் செய்து, மீண்டும் கொண்டுவந்து விடுவார். ஒவ்வொரு முறையும் செய்த வேலைகளைக் குறித்த ஜாப் கார்டு எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். இப்படி மொத்தம் எட்டு சர்வீஸ். ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு என்றால் நிற்கும் வண்டிக்கு நாள் கணக்கு என்று அன்று சர்வீஸ் அட்வைசர் எனக்கு விளக்கினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் பணம் கட்டியதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான். நிற்கிற வண்டியில் பேட்டரி தானாகவே இறங்குகிறது, டயரில் காற்று குறைகிறது, செயினில் துரு ஏறுகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். பிரேக் ஆயில் அப்படியல்ல. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

திட்டப்படி 2024 மே முதல் 2025 நவம்பர் வரை ஏழு ஜாப் கார்டுகள் எனக்கு வந்தன. எல்லாவற்றிலும் எல்லாக் கட்டங்களும் டிக் அடிக்கப்பட்டிருந்தன. நானும் ஒவ்வொரு முறையும் நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பினேன். அந்தக் கார்டுகளை நான் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தது கடந்த வாரம்தான். முதல் மூன்று கார்டுகளில் மீட்டர் ரீடிங் முறையே 18,393, 18,401, 18,409. எங்கள் வீட்டுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நான்கு கிலோமீட்டர் தூரம். போக வர எட்டு. கணக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் 2025 பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய நான்கு கார்டுகளிலும் ஒரே எண்: 18,413. நான் டிசம்பர் 20 அன்று ஊருக்கு வந்து சாவி போட்டபோதும் மீட்டரில் இருந்தது அதே 18,413. நான்கு முறை ஓட்டிச் சென்று ஓட்டி வந்ததாகச் சொல்லப்படும் வண்டி எப்படி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் இருந்திருக்கும் என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் தந்தையாருக்கு வயது 71. முதல் மூன்று முறையும் ஒரு பையன் வந்ததாகவும், "தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்து அனுப்பியதாகவும் நினைவாகச் சொல்கிறார். அதன்பிறகு வந்தவர் வண்டியை எடுத்துச் செல்லவே இல்லை. துணியால் துடைத்துவிட்டு, கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்குதுங்க ஐயா" என்று சொல்லிப் போனார். அப்படி வந்ததும் ஒரே ஒரு முறைதான் என்கிறார். கடைசி நான்கு கார்டுகளிலும் வாடிக்கையாளர் கையொப்பம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கொப்பம் இருக்கிறது. என் தந்தையார் வங்கி, அஞ்சலகம், ரேஷன் கடை என எங்கும் தமிழில் மட்டுமே கையொப்பமிடுபவர். முதல் மூன்று கார்டுகளிலும் அவருடைய தமிழ்க் கையொப்பம் தெளிவாக உள்ளது. ஏழு கார்டுகளின் நகலையும் இணைத்திருக்கிறேன். அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

ஊருக்கு வந்த அன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியில் 11.4 வோல்ட்தான் இருந்தது. நவம்பர் கார்டில் 12.7 என்று எழுதியிருந்தது. ஒரு மாதத்தில் பேட்டரி ஓரளவு இறங்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைப்பதாகத் திட்டத்தில் எழுதியிருக்க, அது கழற்றப்படவே இல்லை. சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் சொன்னதும் ஒருவர் வந்து பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டினார். பிரேக்கைப் பற்றி நான் குறிப்பாகக் கேட்டதற்கு, மே மாதம்தான் முன்னும் பின்னும் புது ஆயில் ஊற்றியிருக்கிறோம் என்று கார்டைக் காட்டிச் சொன்னார். செயினில் படிந்திருந்த துருவை நானே மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்து, செயினுக்கான மசகு எண்ணெய் அடித்தேன். டயர்களுக்குக் காற்று வைத்தேன். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். லீவர் கல்லைப் போல் கெட்டியாக நின்றது.

இதை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிரேக் ஆயில் குளிர்ந்திருக்கும்போது நல்ல ஆயிலைப் போலவே வேலை செய்யும். ஊருக்குள் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு சந்திப்பு வரை நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. டாட் 4 என்ற தரவகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரவரையறை வைத்திருக்கும் அளவு 155 டிகிரி. இந்த வித்தியாசம் தெரிவது மலை இறங்கும்போதுதான்: அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறும்போது ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகிறது, ஆவி அமுங்கிவிடுவதால் பிரேக் பிடிக்காது. சேலத்தில் வண்டி வைத்திருப்பவர் எவரும் வருடத்தில் ஒருமுறையாவது ஏற்காடு ஏறாமல் இருப்பதில்லை என்பதால், எங்கள் ஊரில் இந்த ஒரு வேலையை ஏய்ப்பது மற்ற எல்லாவற்றையும் ஏய்ப்பதைவிட ஆபத்தானது.

டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, நானும் என் மனைவியும் அடிவாரம் வழியாக ஏற்காடு சென்றோம். ஏறும்போது குறை ஒன்றுமில்லை. மாலை நான்கு மணியளவில் இறங்கத் தொடங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்குப் பழக்கமானவை. கல்லூரி நாளிலிருந்து ஓட்டிய பாதை. இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். ஏறத்தாழ பாதி வளைவுகளைக் கடந்த பிறகு, முன்னால் சென்ற ஒரு வேன் வளைவில் மெதுவாக்கியபோது பின் பிரேக்கை மிதித்தேன். பெடல் தடையே இல்லாமல் அடிவரை இறங்கியது. முன் பிரேக் லீவரைப் பிடித்தேன். ஈரப் பஞ்சை அமுக்குவதுபோல் அமுங்கி, கைப்பிடியைத் தொட்டது. வண்டியின் வேகம் குறையவில்லை. முதல் கியருக்கு மாற்றி, என்ஜின் அலறலோடு மலைப்பக்கக் கால்வாய் ஓரமாகச் சக்கரத்தைத் தள்ளி, காலை ஊன்றி நிறுத்தினேன். வலப்பக்கம் போயிருந்தால் பள்ளம். என் மனைவியின் முழங்கால் கல்லில் உரசிக் காயமானது. பெரிய காயம் இல்லை. நாற்பது நிமிடம் அங்கேயே அமர்ந்திருந்தோம். டிஸ்க்கின் சூடு தணிந்த பிறகு லீவரைப் பிடித்தபோது அது மறுபடியும் கல்லைப் போல் நின்றது. கொதித்த ஆயிலில் உண்டான ஆவி ஆறி அடங்கியதும் பிரேக் திரும்பி வந்துவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. முதல் கியரில், பல இடங்களில் நின்று நின்று, இருட்டிய பிறகு அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

டிசம்பர் 26 அன்று செவ்வாய்ப்பேட்டையில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றியதும் உள்ளே இருந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. புது ஆயில் இளமஞ்சளாக இருக்கும். பிரேக் ஆயிலை முழுக்க மாற்ற வேண்டுமானால் காலிப்பரில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) உள்ள, பழைய ஆயிலை வெளியேற்றும் பிளீடர் திருகைத் தளர்த்தியே ஆக வேண்டும். அந்தத் திருகின் ரப்பர் மூடிக்குள் மண் இறுகிக் கட்டியாகியிருந்தது; திருகு துருவேறி ஸ்பேனருக்கு அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகே அசைந்தது. ஏழு மாதத்துக்கு முன்பு கழற்றி மாட்டிய திருகு இப்படி இருக்காது என்று அவர் சொன்னார். கடைசியாக அந்த ஆயில் மாற்றப்பட்டது 2023 ஜனவரியில், நான் ஊரில் இருந்தபோது. ஆக, அந்த ஆயிலுக்கு வயது மூன்று ஆண்டு.

என்ஜின் ஆயிலின் நிலையும் அதுவே. 2025 பிப்ரவரியில் மாற்றியதாக எழுதியிருக்கிறது. ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பது உங்கள் திட்டக் குறிப்பேட்டிலேயே உள்ளது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலி கடித்துக் குதறிய தாளும் ஒரு கைப்பிடி நிலக்கடலைத் தோலும் இருந்தன; அதிலும் நவம்பரில் சுத்தம் செய்ததாக டிக்.

டிசம்பர் 29 அன்று இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் மேலாளரைச் சந்தித்தேன். மலை இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால் எந்த வண்டியும் அப்படித்தான் ஆகும் என்றார். நான் இரண்டாம் கியரில் இறங்கியதைச் சொன்னேன். நான்கு கார்டுகளில் ஒரே ரீடிங் எப்படி என்று கேட்டதற்கு, அது கணினியில் பழைய எண் தானாக வந்திருக்கும் என்றார். அப்படியானால் வண்டியின் மீட்டரிலும் பழைய எண்ணே எப்படி நின்றது என்று கேட்டேன், பதில் இல்லை. இறுதியில் இலவசமாக ஒரு வாட்டர் வாஷ் செய்து தருவதாகச் சொன்னார். உயிர் பிழைத்து வந்தவனிடம் சொல்லத்தக்க பதில் அதுவா என்று உங்களைக் கேட்கிறேன்.

எனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன். செய்யப்படாத நான்கு சர்வீஸ்களுக்கும் இனி எனக்கு வேண்டாத எட்டாவது சர்வீஸுக்குமான தொகையையும், பட்டறையில் நான் செலவழித்த 4,860 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் உள்ள பொய்ப் பதிவுகளை நீக்கி, நீக்கியதை எழுத்தில் தர வேண்டும். நாளை இந்த வண்டியை வாங்குபவர் அந்தப் பதிவை நம்பி மலை ஏறக்கூடாது. இவற்றைவிட முக்கியமாக, இதே விற்பனையாளரிடம் இதே திட்டத்துக்குப் பணம் கட்டிய அனைவரின் வண்டிகளையும் மீட்டர் ரீடிங்கோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். மஸ்கட்டில் என்னோடு பணிபுரியும் ஆத்தூர்க்காரர் ஒருவரும் இத்திட்டத்தில் இருக்கிறார்; பொங்கலுக்கு ஊர் வரும் அவரிடம் பிரேக் ஆயிலைப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்களிடம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் ஊரில் இல்லாவிட்டாலும் இணையவழியே மனு அளிக்க முடியும் என்பதையும், அதற்கு இரண்டு ஆண்டு கால அவகாசம் இருப்பதையும் அறிந்தே எழுதுகிறேன்.

ஜனவரி 18 வரை நான் சேலத்தில் இருப்பேன். காலிப்பரிலிருந்து எடுத்த பழைய ஆயிலைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஒருவரை அனுப்பினால் ஆயிலையும் திருகையும் வண்டியையும் அவர் நேரில் பார்க்கலாம். விற்பனையாளரின் ஆட்களை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாகன உரிமையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள் 7, திட்ட ரசீது, பட்டறை ரசீது, ஒளிப்படங்கள் 11.