'பிரசன்ட்லி' என்பது இப்போதா, இனிமேலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டூரைச் சேர்ந்த விவசாயி ஒருவர் சென்ற மாதம் வாவியைக் கடக்கும் மிதவைப் படகான 'பாதை'யில் ஏறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, பின்னர் பஸ் பிடித்து மட்டக்களப்பு நகருக்கு வந்து, பயிரழிவுக்கான இழப்பீட்டைப் பெறாமலே பொழுதுபடத் திரும்பிப் போனார். அவரிடமிருந்த அறிவித்தலின் தமிழ்ப் பகுதியில் 'இழப்பீடு தற்போது வழங்கப்படும்' என்று அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலப் பகுதியை வாங்கிப் பார்த்தேன். அதில் 'பிரசன்ட்லி' (presently) என்ற வினையடை எதிர்கால வினையோடு நின்றது. 'விரைவில் வழங்கப்படும்' என்பதே அதன் பொருள். அவருடைய ஒரு நாள் வேலையும் பஸ் காசும் வீணாய்ப் போனதை, நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்த என்னால் சிறிய விடயமென்று விட்டுவிட முடியவில்லை.

மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று, ஏனெனில் இச்சொல்லே இரு பொருளுக்கு இடங்கொடுப்பது. இலத்தீனில் 'முன்னே இருக்கின்ற' என்று பொருள்படும் சொல்லொன்று பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்து 'பிரசன்ட்' ஆயிற்று. அதன் ஈற்றில் ஒட்டிய 'லி', உடல் அல்லது உருவம் என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நாம் 'ஆக' என்று சேர்ப்பதன் வேலையை அங்கே அது செய்கிறது. தொடக்கத்தில் 'பிரசன்ட்லி' என்றால் இப்பொழுதே, உடனே என்றுதான் கொண்டார்கள். 1611 இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், இயேசுவின் சொல்லால் அத்திமரம் பட்டுப்போகும் இடத்தில் இச்சொல் வருகிறது. நமது தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் 'உடனே' என்றே இருக்கிறது. காலப்போக்கில் அந்த 'உடனே' தளர்ந்து 'சற்று நேரத்தில்' ஆகிவிட்டது. 'சூன்' (soon) என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்று பொருள் தந்து, இதே வழியில் தளர்ந்ததுதான். நம்மூரில் 'இந்தா வாறன்' என்று படலையைத் தாண்டிப் போகிறவர் எப்போது திரும்புவார் என்பது வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியும். ஆளின் முகமும் வழக்கமும் தெரிந்திருப்பதால் அங்கே ஒருவரும் ஏமாறுவதில்லை. அச்சடித்த அறிவித்தலுக்கு அப்படி ஒரு முகம் இல்லை.

'இப்போது' என்ற பொருளும் மறைந்துவிடவில்லை. அது ஸ்கொட்லாந்திலும் அமெரிக்காவிலும் நிலைத்தது. இன்று நமது அலுவலகக் கடிதங்களிலும், ஒருவர் இன்ன பதவியில் இருக்கிறார் என்று சொல்லுமிடத்தில், அந்தப் பொருளில் வருகிறது. ஆகையால் மொழிபெயர்ப்பவர் முதலில் வினையைப் பார்க்க வேண்டும். நிகழ்கால வினையோடு வந்தால் பெரும்பாலும் 'தற்போது', எதிர்கால வினையோடு வந்தால் 'விரைவில்', கதை சொல்லும் இறந்தகாலத்தில் வந்தால் 'சற்று நேரத்தில்' என்று கொள்ளலாம்.

இலங்கை அரசியலமைப்புக்கு 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. எனவே தமிழ்ப் பகுதியை நம்பிப் பயணப்பட்ட அந்த விவசாயி செய்ததில் ஒரு பிழையும் இல்லை. இத்தகைய அறிவித்தல்களை ஆங்கிலத்தில் எழுதுகின்ற அதிகாரிகள் 'பிரசன்ட்லி'யைத் தவிர்த்து, பணம் வழங்கும் திகதியையே குறிப்பிட வேண்டும் என்றும், திகதி முடிவாகாதவிடத்து 'பணம் வந்ததும் அறிவிப்போம், அதுவரை வரவேண்டாம்' என்று தமிழில் தெளிவாக எழுத வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.