பியட்டுக்குச் சிவப்புத்தான்

கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, சொட்டு மருந்து மூன்று வேளையாகக் குறைந்திருக்கிறது. நம் பழைய பியட் காருக்கு என்ன கலர் அடிக்கப் போகிறோம் என்று போனில் நீ கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி சேலம் குகைப் பக்கம் ஒரு பட்டறையில் நிற்கிறது. பம்பர், விளக்கு, கண்ணாடி எல்லாம் கழற்றி, மொட்டை போட்ட குழந்தை மாதிரி இருக்கிறது. டிங்கரிங் வேலையே பத்து நாள் இழுத்துவிட்டது. டிரைவர் சீட்டுக்குக் கீழே ரப்பர் விரிப்பைத் தூக்கினால் தரை தெரிகிறது கண்ணு, பட்டறைத் தரை! அதன் மேல் காலை ஊன்றிக்கொண்டுதான் இத்தனை நாளும் ஏற்காடு போய் வந்திருக்கிறோம்.

டிக்கிக் கதவைத் தண்ணீர் விட்டு எமரி பேப்பரால் தேய்க்கும்போது பெயிண்டர் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தேய்த்த இடம் வெங்காயத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது. வெளியே வெள்ளை, அடுத்து மெரூன், அதற்குள் வெளிர்நீலம், அப்புறம் காவி நிறத்தில் பிரைமர், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தகரம். நீலம் 1986-இல் வாங்கும்போதே இருந்தது. மெரூன் நீ பிறந்த வருஷம். வெள்ளை நீ காலேஜ் சேர்ந்தபோது, உங்கப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார் என்று. மூன்று தடவையும் எனக்கு எது பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கிற அந்தக் கியரைப் போட்டு ஏற்காட்டு மலையின் இருபது வளைவும் ஏற்றினவள் நான்.

அந்த மெரூன் கதை உனக்குத் தெரியாது. அடைமழை ஐப்பசியில் கொண்டுபோய் விட்டார். அப்போதெல்லாம் டூகோ பெயிண்ட்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரம் பெயிண்ட் மேல் படிந்துவிடும். பானெட் முழுக்க மோர் தெளித்த மாதிரி வெளுத்துப்போய் வந்தது. "பாலிஷ் போட்டால் போயிடுங்க" என்றார் அந்தப் பட்டறைக்காரர். கடைசி வரைக்கும் போகவில்லை. அதனால்தான் இந்தத் தடவை தை பிறக்கட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இப்போது ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட், அவ்வளவு பயமில்லை. இருந்தாலும் காய்ந்த காற்று காய்ந்த காற்றுதான்.

நீ படம் அனுப்பியிருந்த மிலிட்டரிப் பச்சை நடக்காது. 1989 மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, ராணுவ வண்டியைத் தவிர வேறெதற்கும் அந்தப் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. உங்கப்பாவுக்கு மறுபடியும் வெள்ளை. வெயிலில் சூடு ஏறாது, ஆர்.சி. புத்தகத்திலும் வெள்ளை என்றே இருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டாம் என்கிறார். ஐந்து வருஷ ரின்யூவல் இந்த வருஷம் எப்படியும் வருகிறது. கலர் மாற்றத்தையும் அதற்கு முன்னால் எழுதி வாங்கிவிட்டால் போயிற்று.

மார்கழிக் கடைசியில் பெயிண்டர் தம்பியிடம் மூன்று தகரத் துண்டில் வெள்ளை, பழைய நீலம், சிவப்பு அடித்துத் தரச் சொன்னேன். டியூப் லைட்டில் ஒரு மாதிரி, மொட்டை மாடி வெயிலில் ஒரு மாதிரி. அப்புறம் சித்தப்பா காரில் நாகலூர்த் தோட்டத்துக்குக் காபிப் பழம் பறிக்கிறதைப் பார்க்கப் போனபோது மூன்றையும் எடுத்துப் போனேன். பதிமூன்றாவது வளைவு தாண்டியதும் பனிமூட்டம். ஓரமாக நிறுத்தச் சொல்லி, தகரங்களைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு முப்பது அடி பின்னால் வந்து பார்த்தேன். வெள்ளை இருந்த இடமே தெரியவில்லை. நீலம் புகை மாதிரி. சிவப்பு மட்டும் நெற்றியில் வைத்த குங்குமமாக நின்றது. உங்கப்பா அப்போது ஒரு கண் மட்டும் ஆபரேஷன் ஆனவர், காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சிவப்பு ஒண்ணுதான் தெரியுது" என்று அவர் வாயாலேயே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் "தபால் பெட்டி ஓட்டப் போறியா" என்கிறார்!

சிவப்பு வெயிலில் சீக்கிரம் மங்கும் என்று பெயிண்டர் தம்பியும் சொன்னார். நம் போர்டிகோவில் சாயங்கால வெயில் நேராக அடிக்கிறது, அதற்கு ஒரு நல்ல உறை வாங்கிப் போட வேண்டும். மெட்டாலிக் எடுங்கள் என்று ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். மலைப் பாதையில் பஸ் உரசினால் சாதாரண கலரில் அந்த இடத்துக்கு மட்டும் டச்சப் பண்ணிக்கொள்ளலாம், மெட்டாலிக்கில் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியாகத் தெரியும்.

கதவின் உள்விளிம்பு, பானெட்டின் உள்பக்கம் எல்லாம் சிவப்பு அடிக்கச் சொல்லிவிட்டேன். டிக்கிக்குள்ளே ஸ்டெப்னி வைக்கிற குழியில் மட்டும் அந்தப் பழைய நீலம் அப்படியே பளபளவென்று இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்று சாக்பீஸால் எழுதியே வைத்திருக்கிறேன்.

மாசி பிறப்பதற்குள் கொடுத்துவிடுவார்களாம். நீ சித்திரையில் வந்தால் மலைக்கு நானே ஓட்டுகிறேன். உங்கப்பாவை மட்டும் பின்சீட்டில் உட்கார வை. முன்னால் இருந்தால் வளைவுக்கு வளைவு ஹாரன் அடி, ஹாரன் அடி என்று உயிரை வாங்குவார்.

அம்மா