இனிப்புக்கு ஒரு வறுவல், காரத்துக்கு ஒரு வறுவல்

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலம் அறிய ஆவல். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரச் சந்தையில் ஒரு கிலோ பூசணி விதை வாங்கி வைத்திருப்பதாகவும், தயிரின் மேல் தூவிச் சாப்பிடுவதைத் தவிர அதை வைத்து வேறொன்றும் செய்யத் தெரியவில்லை என்றும் நீ சொன்னதிலிருந்தே, இதைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுத்தில் இருந்தால் அடுப்பருகே வைத்துப் பார்த்துக்கொள்வாய்.

நம் வீட்டில் அரசாணிக்காயிலிருந்து, அதாவது மஞ்சள் பூசணியிலிருந்து, எடுக்கும் விதைக்கு வெள்ளைத் தோடு உண்டு. நீ இருக்கும் ஸ்டைரியா மாநிலத்தில் விளையும் பூசணிக்கு அந்தக் கெட்டித் தோடு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தானாகவே நேர்ந்த ஒரு மாற்றத்தால், பருப்பின் மேல் மெல்லிய பச்சைத் தோல் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் அவர்களால் விதையை அப்படியே அரைத்து, வறுத்து, எண்ணெய் எடுக்க முடிகிறது. மெல்லிதாக ஊற்றினால் பச்சையாகவும் கனமாக நின்றால் சிவப்பாகவும் தெரியும் அந்த எண்ணெய்க்கு, 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நீ வாங்கினால் அதில் தாளித்துவிடாதே. சூடேறினால் மணம் போய்க் கசக்கும். சூடான சோற்றில் பொடியைப் போட்டு, நல்லெண்ணெய்க்குப் பதிலாக அதைப் பச்சையாக ஊற்றிப் பிசைந்து பார்.

ஆகவே, தோடு உரிக்கும் பாடு உனக்கு இல்லை. இங்கே பாதி வேலை அதுதான். காயை வகுந்து, நாரோடு வழவழவென்று வரும் விதையைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால், நார் விரலோடு வந்துவிடும், விதை மேலே மிதக்கும். ஏற்காட்டு மூடுபனியில் அது காயவே காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கீழே சேலத்துக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பி, உன் அத்தை வீட்டு மொட்டைமாடியில் காயவைத்து வாங்கிக்கொள்கிறோம். நன்றாகக் காய்ந்த விதையின் கூர்முனையை நகத்தால் அழுத்தினால் தோடு இரண்டாகப் பிளந்து பச்சைப் பருப்பு முழுதாக வெளியே வரும். அம்மா பேச்சுக்கு நடுவே ஒரு கிண்ணம் உரித்துவிடுவாள்.

இனி வறுப்பதற்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பலரும் விதையை ஒரே மாதிரி வறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, அதையே எல்லாவற்றுக்கும் எடுக்கிறார்கள். அது சரியான முறை ஆகாது. இனிப்புக்கு ஒரு வறுவல், காரத்துக்கு ஒரு வறுவல் என்று இரண்டு உண்டு. இதை மட்டும் நீ மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் உன் கைக்குத் தானாகவே பழகிவிடும்.

அடி கனமான இரும்பு வாணலியை எடுத்துக்கொள். எண்ணெய் விடாதே. தீ சிறியதாகவே இருக்கட்டும். விதை ஒன்றின்மேல் ஒன்று ஏறாத அளவுக்குக் கொஞ்சமாகப் போட்டு, கையை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே இரு. சிறிது நேரத்தில் தட்டையாக இருந்த விதை உப்பி உருண்டையாகும்; பிறகு ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடித்துத் துள்ளும். வெடிப்பு மும்முரமாக இருக்கும்போதே, நிறம் இன்னும் பச்சையாகவும் ஓரம் மட்டும் சற்று வெளுத்தும் இருக்கும் நேரத்தில் இறக்கினால், அது இனிப்புக்கான வறுவல். வெடிப்பு ஓய்ந்து, ஒரு விதையை எடுத்து உடைத்தால் உள்ளே தேன் நிறம் தெரியும்போது இறக்கினால், அது காரத்துக்கான வறுவல். உள்ளே பழுப்பேறிவிட்டால் கசப்புத் தட்டிவிட்டது என்று பொருள். வெல்லமும் மிளகாயும் அந்தக் கசப்பை மறைக்கமாட்டா.

காரணம் இதுதான். 100 கிராம் விதையில் ஏறத்தாழ 30 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. எடையில் பாதி எண்ணெய் என்றால், சூட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்று நீயே கணக்கிட்டுக்கொள். காப்பிக்கொட்டை வறுப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நீ. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே கருத்துக்கொண்டு போவது போலத்தான் இந்த விதையும் போகும். ஆகவே பதம் வந்தவுடன் அகலமான தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. இனிப்புக்கு ஏன் இளவறுவல் என்றால், கொதிக்கும் வெல்லப்பாகில் விழும் விதை அங்கே மறுபடியும் ஒரு முறை வறுபடுகிறது. முன்பே முழுதாக வறுத்துப் போட்டால் பாகுக்குள் கருகும். உன் வீட்டில் மின்னடுப்புப் பெட்டி இருப்பதால் 160 டிகிரியில் தட்டில் பரப்பி வைத்தும் வறுக்கலாம். பத்து நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது திறந்து கிளறிவிடு. எனக்கு வாணலிதான் பிடிக்கும், வெடிக்கும் சத்தம் காதில் விழுந்தால் நேரம் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

காரத்தில் முதலாவதாகப் பொடியைச் செய்து வைத்துக்கொள். ஒரு கிண்ணம் விதைக்கு எட்டு வரமிளகாய், இரண்டு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, தோலுடன் நான்கு பல் பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சுண்டைக்காய் அளவு புளி, கல்லுப்பு. இவற்றைத் தனித்தனியாக வறுத்து ஆறவிட்டு, விதை நீங்கலாக மற்றதை எல்லாம் முதலில் பொடித்துக்கொள். விதையைக் கடைசியில் சேர்த்து, மிக்சியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டு. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கசிந்து பொடி களியாகிவிடும். இட்லிக்கும் தோசைக்கும் மட்டுமன்றி, வதக்கிய எந்தக் காயின்மேலும் இறக்கும் நேரத்தில் இதைத் தூவலாம். அரசாணிக்காயும் தட்டைப்பயறும் போட்டு நாம் செய்யும் பொரியலில், தேங்காயைக் குறைத்துக்கொண்டு இந்தப் பொடியைச் சேர்த்தால், காயும் அதன் விதையும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தாற்போல் ருசிக்கின்றன.

இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்துத் தரும், உனக்குப் பிடித்த தட்டுவடை செட்டை அங்கே செய்துகொள்ள முடியவில்லை என்று நீ வருந்தியது நினைவில் இருக்கிறது. தட்டுவடையை அத்தை அனுப்புவாள். சட்னிகளில் பச்சைச் சட்னியை மட்டும் இப்படி மாற்றிப் பார்: ஒரு கட்டுக் கொத்தமல்லி, அதில் பாதி புதினா, மூன்று பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு இவற்றோடு காரத்துக்கு வறுத்த விதை கால் கிண்ணம் போட்டுத் தண்ணீர் அதிகம் விடாமல் அரை. கீரையில் உள்ள ஈரத்தை விதை இழுத்துக்கொள்வதால், பீட்ரூட் துருவலும் கேரட் துருவலும் வெங்காயமும் வைத்து மூடிய பிறகும் தட்டுவடை உடனே நமத்துப் போகாது. சேலத்துத் தெருக்கடைகளில் இப்படிச் செய்வதில்லை, ஆனால் இதில் ருசி குறையவில்லை என்று உன் அத்தையே ஒப்புக்கொண்டாள்.

குருமாவுக்கும் கத்திரிக்காய்க் குழம்புக்கும் முந்திரி, கசகசா, வேர்க்கடலை அரைத்து ஊற்றும் இடத்திலெல்லாம் இதை அரைத்து ஊற்றலாம். குழம்பு சற்றுப் பச்சை நிறம் காட்டும், அவ்வளவுதான். இது நாம் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிடாதே. மெக்சிகோவின் ஒவாஹாகா பகுதிக் குகை ஒன்றில் சுமார் 10,000 ஆண்டுக்கு முந்தைய பூசணி விதைகளை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் யுகத்தான் பகுதியில் வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் மிளகாயையும் கொத்தமல்லியையும் சேர்த்து அரைத்துச் ‘சிக்கில் பாக்’ என்ற பெயரில் இன்றும் உண்கிறார்கள். நம் தக்காளித் துவையலுக்கு அது மிக நெருங்கிய உறவு. புளியை விட்டுவிட்டு, தக்காளியைத் தீயில் சுட்டுத் தோல் நீக்கி அரைத்தால் சப்பாத்திக்கு மிகவும் நன்றாக இருக்கிறது.

இனிப்பு என்றால் என் மனத்தில் முதலில் நிற்பது மிட்டாய்தான். இளவறுவலாக வறுத்த விதை 200 கிராம், வெல்லம் 150 கிராம். வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்று. பாகு பொங்கிக் குமிழி சிறுத்து வரும்போது, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கத் தொடங்கு. முதலில் கரையும், பிறகு விரலில் உருட்ட வரும். அது உருண்டை பிடிக்கும் பதம், மிட்டாய்க்குப் போதாது. இன்னும் சற்றுப் பொறுத்தால், தண்ணீரிலிருந்து எடுத்த பாகைத் தட்டில் போடும்போது ‘டிங்’ என்று கல் விழுந்த சத்தம் கேட்கும், ஒடித்தால் வளையாமல் முறியும். அந்த நொடியிலேயே அடுப்பை அணைத்து, ஒரு தேக்கரண்டி நெய், சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, விதை எல்லாவற்றையும் போட்டுக் கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் அழுத்திவிடு. வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கீறி வைத்தால்தான் பின்னால் நேராக உடையும்.

பாகுக்கு வெப்பமானி வாங்கப்போவதாகச் சொன்னாய். வாங்கிக்கொள், ஆனால் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் வழக்கத்தை விடாதே. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாகின் ஒவ்வொரு பதமும் அதே அளவு குறைவான சூட்டில் வந்துவிடும். நீ இருக்கும் ஊர் 350 மீட்டர் உயரம்தான். ஆகவே இங்கே நான் அளந்து சொல்லும் எண் அங்கே உனக்கு உதவாது. சொட்டு மட்டும் எந்த ஊரிலும் ஒரே பதத்தைக் காட்டும்.

ஜவ்வரிசிப் பாயசத்திலும் இதைச் சேர்க்கலாம். இளவறுவல் விதையை வெந்நீரில் ஊறவைத்து மையாக அரைத்து, ஜவ்வரிசி கண்ணாடியாக வெந்த பிறகு பாலோடு கலந்து ஒரு கொதி விட்டு இறக்கு. வெல்லக் கரைசலை, இறக்கிச் சூடு தணிந்த பிறகே ஊற்ற வேண்டும். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிடும். அரசாணிக்காய் அல்வாவில் முந்திரிக்குப் பதிலாகக் கடைசியில் தூவிக்கொள்ளலாம். அதற்குத் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் நீ மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் அங்கே அழகுக்காக விற்கும் சிறு பூசணிகளின் விதையை எடுத்து ஒருபோதும் வறுக்காதே. அவற்றில் கசப்பு நஞ்சு இருக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. உண்ணும் பூசணியாகவே இருந்தாலும், வாயில் வைத்தவுடன் கடுங்கசப்பாக இருந்தால் விழுங்காமல் துப்பிவிட்டு, காயையும் விதையையும் சேர்த்து எறிந்துவிடு.

ஒரு கிலோவையும் ஒரே நாளில் வறுத்து வைக்காதே. வறுத்த விதை சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். வறுக்காததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு கிண்ணம் எடுத்து வறுத்துக்கொள். செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து வெல்லம் வாங்கி வந்திருக்கிறேன், பளபளப்பில்லாத கருத்த வெல்லமாகப் பார்த்தே எடுத்தேன். அடுத்த மாதம் அங்கே திரும்பும் உன் தோழியிடம் அதையும் சுக்கையும் தட்டுவடையையும் கொடுத்தனுப்புகிறோம். மிட்டாய் செய்தால், விதையை எந்த நிறத்தில் இறக்கினாய், பாகு தட்டில் சத்தம் கொடுத்ததா என்பதை மறக்காமல் எழுது கண்ணு.

அன்புடன்,
அப்பா